கடற்கரையில் விநோதமா ஒரு கல் கிடைச்சா என்ன செய்வீங்க? புதைபடிவங்களைத் தேடும் தொண்டூழியர்கள்

விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போறீங்க. மணலில் ஒரு கல். எடுத்துப் பார்த்தா எலும்பு மாதிரி இருக்கு. பைக்குள்ள போட்டுக்குவீங்களா? படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடுவீங்களா?

2020ஆம் ஆண்டு மே மாதம். பிரிட்டனின் சாமர்செட் வட்டாரத்தில் உள்ள புளூ ஆங்கர் கடற்கரை. ஜஸ்டின் ரெனால்ட்ஸ் அங்கே ஓர் எலும்புத் துண்டைப் பார்த்தார். சற்று நேரத்தில் அவருடைய 11 வயது மகள் ரூபி அதைவிடப் பெரிய துண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இருவரும் வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தனர். 2016ஆம் ஆண்டில் அதே வட்டாரத்தின் லில்ஸ்டாக் கரையில் பால் டி லா சால் என்ற ஆர்வலர் அதேபோன்ற எலும்பைக் கண்டெடுத்தது தெரியவந்தது. அதை ஆராய்ந்த டீன் லோமாக்ஸ் என்ற தொல்லுயிர் ஆய்வாளரை உடனே தொடர்புகொண்டனர்.

பிறகு எல்லாரும் சேர்ந்து அந்தக் கரையில் தேடினார்கள். துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டிப் பார்த்தால் 2 மீட்டருக்கும் நீளமான தாடை எலும்பு!

202 மில்லியன் ஆண்டுக்கு முன் கடலில் வாழ்ந்த ஊர்வன வகையைச் சேர்ந்தது அது. முழு உடல் சுமார் 25 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. நம்ம ஊர் ஈரடுக்குப் பேருந்து இரண்டை வரிசையா நிறுத்தின அளவு. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அதற்கு 'இக்தியோடைட்டன் செவர்னென்சிஸ்' என்று பெயர் சூட்டிய ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் ரூபியும் ஒருவர்.

கண்டெடுக்க அதிர்ஷ்டம் வேணும், உண்மைதான். ஆனா அடுத்து யாரிடம் போறதுன்னு அந்தக் குடும்பம் தேடிப் பார்த்துச்சே, அங்கதான் விஷயம் இருக்கு.

கேட்க ஆளில்லாட்டா?

1956ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பகுதி. 15 வயது டீனா நீகஸ் ஒரு பாறையில் இலை போன்ற வடிவத்தைப் பார்த்தார். பள்ளியில் புவியியல் ஆசிரியரிடம் சொன்னார். அந்தப் பாறை அவ்வளவு பழமையானது, அதில் புதைபடிவம் இருக்கவே முடியாது என்பது பதில். அன்றைய பாடநூலும் அதைத்தான் சொன்னது. ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை.

டீனா விடவில்லை. மீண்டும் அங்கே போய்ப் பாறைமேல் தாள் வைத்து, பென்சிலால் தேய்த்து வடிவத்தைப் படியெடுத்தார். அதற்குமேல் யாரிடம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவர் நண்பர்களோடு அதே இடத்தில் பாறை ஏறப் போனார். அதே வடிவம் கண்ணில் பட்டது. அவருடைய அப்பாவுக்கு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பழக்கம். டிரெவர் ஃபோர்ட் என்ற புவியியலாளர் நேரில் வந்து பார்த்தார். 1958ஆம் ஆண்டு 'சார்னியா மேசோனி' என்று பெயர் வைக்கப்பட்டது. மேசோனி என்றால் மேசன்.

550 மில்லியன் ஆண்டைவிடப் பழமையான அந்தப் பாறையில் பெரிய உயிரினம் இருந்தது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. டீனாவுக்கு உரிய அங்கீகாரம் கிடைக்க 2007ஆம் ஆண்டுவரை ஆனது. முதலில் பார்த்தவர் அவர்தான். அவருக்கு இல்லாமல் போனது ஒரு தொடர்பு, அவ்வளவுதான்.

மன்றங்கள் என்ன செய்கின்றன?

அந்தத் தொடர்பைத்தான் புதைபடிவ மன்றங்கள் தருகின்றன. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். கண்டெடுத்ததைக் கொண்டுவந்து காட்டலாம். அனுபவமுள்ளவர் அது எலும்பா வெறும் கல்லா என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் கல்தான்!

வேலை சினிமாவில் பார்க்கிற மாதிரி இருக்காது. மண்ணைச் சல்லடையில் அலசி, காயவைத்து, நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்துப் பல்லையும் எலும்பையும் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கின பாட்டிகளுக்கு ஈசியா வரும்.

ஆஸ்திரேலியாவின் இன்வர்லோக் கரையில் 1994ஆம் ஆண்டு முதல் தொண்டூழியர்கள் பாறையைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துத் தேடிவந்தனர். 1997இல் அவர்களில் ஒருவர் கண்டது, 2 சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு தாடை. டைனோசர் காலத்துப் பாலூட்டியின் தாடை. சம்பளத்துக்கு ஆள் வைத்து இப்படித் தேட எந்த ஆய்வுக்கூடத்திடமும் பணமில்லை.

கண்டெடுத்தவருக்கே சொந்தமா?

சண்டை வருவது இங்கேதான். நாட்டுக்கு நாடு, ஏன் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அரசு நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்கின் புதைபடிவத்தை எடுக்க அனுமதி வேண்டும். சுறாப் பல்லுக்கு விலக்கு உண்டு. எடுத்ததை அரும்பொருளகத்திடம் தெரிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் அது கேட்காவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் டார்செட் கரையில் வேறு கணக்கு. அங்கே கடல் மலைச்சரிவை அரித்துக்கொண்டே இருக்கிறது. விழுந்ததை யாரும் எடுக்காவிட்டால் அலை நொறுக்கிவிடும். அதனால் எடுக்க விடுகிறார்கள். முக்கியமானது கிடைத்தால் பதிவுசெய்யச் சொல்கிறார்கள்.

எந்த ஊரானாலும் ஒரு விதி மாறாது. எங்கே, எந்தப் பாறை அடுக்கில், எப்போது கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் விலைமதிப்பில்லாத எலும்புகூட அலமாரி அலங்காரம்தான். வயதையும் சூழலையும் சொல்வது அந்த அடுக்கு. மன்றங்கள் புதியவர்களுக்குச் சுத்தியலைவிட முதலில் கொடுப்பது நோட்டுப் புத்தகம்.

சரி, நம்ம பக்கம்?

சிங்கப்பூரில் கிடைத்த சிப்பி வகைப் புதைபடிவங்கள் பற்றி 1906இலேயே பிரிட்டிஷ் ஆய்விதழில் கட்டுரை வந்தது. இன்று லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நிற்கும் பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கி ஆகிய 3 டைனோசர்களும் அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து வந்தவை. அவற்றை வாங்க நன்கொடை திரட்டப்பட்டது. அதுவும் ஒரு வகைப் பங்கேற்புதான்.

மலேசியாவில் பஹாங் மாநிலத்தில் டைனோசர் பல் கிடைத்ததை மலாயாப் பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. 23 மில்லிமீட்டர் பல். சரியாக எந்த இடம் என்று அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுவாரமே ஆட்கள் கடப்பாரையோடு போயிருப்பார்கள்.

ஆகவே உங்களுக்கு ஏதாவது கிடைத்தால் உடைக்காதீங்க, கழுவாதீங்க. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து அளவு தெரிகிற மாதிரி படம் எடுங்க. சுற்றியுள்ள பாறையையும் எடுங்க. இடத்தைக் குறித்துவைத்து அரும்பொருளகத்துக்கோ பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைக்கோ அனுப்புங்க. பதில் வரும்வரை இன்ஸ்டகிராமில் போட வேண்டாம். பொறுக்க முடியலைன்னா இருப்பிடக் குறியையாவது எடுத்துட்டுப் போடுங்க.