தோப்பி: சோற்றில் விளைந்த கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கள் என்றால் தென்னங்கள்தான். பழந்தமிழர் குடியும் அதுவே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாளையில் சுரக்கும் நீரில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. கலயத்தில் விழுந்த சில மணி நேரத்தில் தானே புளித்துவிடும். தானியக் கள் அப்படியல்ல. மாவுச்சத்தை முதலில் இனிப்பாக்க வேண்டும். பீர் என்பதன் நுட்பம் முழுவதும் அந்த ஒரு படியில்தான் அடங்கியிருக்கிறது. சுமேரியரும் எகிப்தியரும் அதற்குத் தானிய முளையை நம்பினர். ஈரானின் கோதின் தெப்பேயில் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய சாடியொன்றின் உட்சுவரில் பார்லி பீரின் கசடு கிடைத்திருக்கிறது. கிழக்கே சீனம் முதல் மலாய் உலகம் வரை பூஞ்சணமே இந்த வேலையைச் செய்தது. தமிழகத்து அரிசிக் கள்ளான தோப்பி இந்தக் கிழக்கத்திய குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே என் கருத்து.

சான்று சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குச் சுட்ட மீனோடு கிடைக்கும் கள்ளின் செய்முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் படிப்படியாகச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோறு போன்ற ஓர் அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் முற்றியதை விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். மலேசியாவின் கோலா சாவா வட்டாரத்து மலாய் வீடுகளில் பெருநாளுக்குத் தாப்பாய் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. புலுட் என்னும் ஒட்டரிசியை அவித்து, நன்றாக ஆறவிட்டு, ராகி வில்லையைப் பொடித்துத் தூவி (நம் கேழ்வரகு அன்று, பூஞ்சணமும் ஈஸ்ட்டும் ஏறிய மாவு வில்லை), ரப்பர் இலையில் மடித்து இரண்டு மூன்று நாள் மூடிவைப்பார்கள். சந்தால் மக்களின் ஹண்டியா என்னும் அரிசிக் கள்ளும் இதே வரிசையில்தான் தயாராகிறது.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்த அடையை இடித்த முளை என்றே கொள்கிறார். அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் முளையின் நொதி 60, 70 டிகிரிச் சூட்டில்தான் விரைந்து வேலை செய்யும்; முளையை நம்புகிறவர் களி சூடாக இருக்கும்போதே கலந்து, இனிப்பேறிய பிறகு ஆற்றுவார். இங்கே ஆற்றிய பிறகுதான் அடை சேர்கிறது. சூட்டில் செத்துப்போகும் உயிர்ப்பொருளுக்குத்தான் அந்த வரிசை பொருந்தும். ஈஸ்ட்டுக்காக ஆற்றினார்கள் என்று வாதிடலாம். அப்போதும் முளை ஏன் ஆறிய களிக்குக் காத்திருந்தது என்பதற்கு விடை இல்லை. புற்றாஞ்சோறு கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம். புலவருக்கு நுண்ணுயிரியல் தெரியாது, கண் இருந்தது. அர்த்தசாத்திரமும் அரிசி மதுவுக்குக் கிண்வம் என்னும் புளிப்பூட்டியைக் கேட்கிறது. அதை உளுந்திலிருந்து செய்யச் சொல்கிறது.

கள்ளால் குடும்பங்கள் சீரழிந்த தோட்டத்து மக்களின் மலரில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தக்காரர்கள் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும், 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் அவற்றை எதிர்த்து நின்றதும் சம்பளத்தை விழுங்கிய ஒரு வியாபாரத்துக்கு எதிராக. தோப்பியோ வீட்டில் அட்டு, வந்தவருக்கு வார்த்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்தப் போராட்டத்தின் காரணமும் மங்கும், பழைய அடுக்களையின் அறிவும் மறையும்.

எஞ்சியிருப்பது மண்பாண்டத்தின் சாட்சி. சீனத்தின் சாங்ஷானில் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையான பானைகளில் பூஞ்சண இழைகளையும் நொதியால் அரிக்கப்பட்ட அரிசி மாவுமணிகளையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். தமிழக அகழாய்வுச் சாடிகளின் உட்சுவரிலும் அதே சோதனையைச் செய்தால், நச்சினார்க்கினியர் சரியா, தாப்பாய் சரியா என்பது தெரிந்துவிடும்.