தலைக்கவசத்துக்குள் ஒரு முகம், கேமராவின் முன் ஒரு முகம்

'ஃபர்ஸ்ட் மேன்' நிலவில் முதலில் கால்பதித்தவரின் கதை. 'ராக்கெட்ரி: நம்பி விளைவு' பூமியை விட்டுக் கிளம்பாத ஓர் இஸ்ரோ பொறியாளரின் கதை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் விமானப் பொறியியல் படித்தவர்தான். விண்வெளிப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கும் எனக்கு, இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்பதாகவே படுகிறது: ஓர் இயந்திரத்துக்குத் தன்னை முழுதாகக் கொடுத்துவிட்டவரின் வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது?

'ஃபர்ஸ்ட் மேன்' இயக்குநர் டேமியன் சஸெல் கேமராவைக் கலத்துக்குள்ளேயே பூட்டிவைக்கிறார். எக்ஸ்-15 விமானத்தின் உலோகம் முனகுகிறது, அளவிமுள்கள் நடுங்குகின்றன; வெளியே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. ஜெமினி 8 கிளம்பும் முன், சிக்கிக்கொண்ட இருக்கைப் பட்டையைச் சரிசெய்ய யாரிடமாவது மடக்குக்கத்தி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அத்தனை கோடிச் செலவில் செய்த கலத்துக்கு அந்த நேரத்தில் கைகொடுப்பது ஒரு சட்டைப்பைக் கத்தி. 'ராக்கெட்ரி'யை இயக்கி நடித்த மாதவனோ நேரெதிர். அவருடைய நம்பி நாராயணன் தொலைக்காட்சி அரங்கில் அமர்ந்து சூர்யாவிடம் வாய்திறந்து எல்லாவற்றையும் சொல்கிறார். ரயன் காஸ்லிங்கின் ஆம்ஸ்ட்ராங் பேசவேண்டிய இடத்திலும் பேசமாட்டார். மாதவனின் நம்பி பேசாவிட்டால் அவர் உளவாளி என்ற பொய்யே நிலைத்துவிடும். ஆகவே ஒரு படத்துக்கு மௌனமும் மற்றதற்குப் பேச்சும் வடிவமாக அமைந்தது வெறும் ரசனைத் தேர்வு அல்ல.

எதிர்பாராத உறவு ஒரு குழந்தையின் மரணத்தில் தென்படுகிறது. 1962-ல் மகள் கேரனை மூளைக்கட்டிக்குப் பறிகொடுத்த ஆம்ஸ்ட்ராங், திரையை இழுத்து மூடிவிட்டுத் தனியே அழுகிறார்; பிறகு வேலைக்குத் திரும்புகிறார். பிரான்ஸில் சோதனைப் பணி நடக்கும்போது, சக பொறியாளர் உன்னியின் குழந்தை ஊரில் இறந்த செய்தியை, வேலை தடைப்படக்கூடாது என்று நம்பி மறைத்துவிடுகிறார். முன்னவர் தன் துயரத்தைப் பூட்டிக்கொள்கிறார். பின்னவர் இன்னொருவரின் துயரத்தைப் பூட்டிவிடுகிறார். என் கணிப்பில் இரண்டாவதே துணிச்சலான காட்சி. நாயகனைக் குற்றவாளியாக நிறுத்தும் அந்தச் சில நிமிடங்கள், பெருமிதப் பேச்சு சற்று மிகுந்த அந்த முதல்பாதியையே நிமிர்த்திவிடுகின்றன. நிலவுப் பள்ளத்தில் கேரனின் கைச்சங்கிலியை ஆம்ஸ்ட்ராங் விடும் காட்சியும் மனதை உலுக்குகிறது. அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. இருந்தும் அந்தக் கற்பனையை நான் மனமார ஏற்கிறேன்.

மனைவியரும் அப்படியே. திரும்பி வராமல் போகலாம் என்பதைப் பிள்ளைகளிடம் நீயே சொல் என்று ஜேனட் கணவரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைக்கிறாள். அவரோ நிருபர்களுக்குச் சொல்வதைப் போலப் பதில் சொல்கிறார். சிம்ரன் நடித்த மீனாவுக்கு அப்படிக் கேட்கவும் வாய்ப்பு இல்லை. 1994 நவம்பர் 30-ல் கணவர் உளவுக் குற்றச்சாட்டில் கைதான பிறகு ஊரின் வசையெல்லாம் அவள்மீது விழுகிறது, மனம் உடைகிறது. நம்பியின் குழு உருவாக்கிய விகாஸ் இயந்திரத்தை இரண்டாம் கட்டத்தில் கொண்ட பி.எஸ்.எல்.வி. முதல் வெற்றி கண்டது அதே ஆண்டு அக்டோபர் 15-ல். இடையில் ஆறரை வாரங்களே.

இரு படங்களும் சர்ச்சைக்கு ஆளாயின. நிலவில் கொடி நடும் காட்சியைக் காட்டவில்லை என்று அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட் மேன்' கண்டிக்கப்பட்டது. 'ராக்கெட்ரி'யில் நாட்டுப்பற்றுக்குக் குறைவில்லை. அதன் தகவல்களைத்தான் இஸ்ரோவின் முன்னாள் விஞ்ஞானிகள் சிலர் மறுத்தனர். அதை வரலாற்று நூலாகக் கொள்ளாமல் ஒருவருடைய வாக்குமூலமாகப் பார்ப்பதே நியாயம். அந்த மனிதருக்கு நீதி தாமதமாகவே வந்தது: 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 14-ல். அடுத்த மாதம் 'ஃபர்ஸ்ட் மேன்' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, பட்டிபுலம் கடற்கரையிலிருந்து 2023 பிப்ரவரி 19-ல் ஒரு சிறு ராக்கெட், பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்த 150 மிகச்சிறு செயற்கைக்கோள்களைச் சுமந்து கிளம்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1' ராக்கெட் ஏவப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பிள்ளைகளுக்கு ராக்கெட் இனி தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கும் பொருளல்ல. அவர்களுக்கு இரு படங்களையும் திரையிட வேண்டும். 'ராக்கெட்ரி' முதலில் வரட்டும். நாகர்கோவிலில் பிறந்த ஒருவர் தமிழில் பேசி இயந்திரம் செய்வதைப் பார்த்தபின், ஆம்ஸ்ட்ராங்கின் தலைக்கவசத்துக்குள் இருப்பவரும் அந்நியராகத் தெரியமாட்டார்.

நிலவும் ஆம்ஸ்ட்ராங் கதைக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற எல்.வி.எம்.-3-இன் நடுக்கட்டத்தில் எரிந்தவை இரண்டு விகாஸ் இயந்திரங்கள். ஆகஸ்ட் 23-ல் அதன் விக்ரம் கலம் நிலவில் தரையிறங்கியது. மறுநாள் அறிவித்த 69-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது 'ராக்கெட்ரி'.