கரிகாலனைக் கொன்றது யார்?



சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது சரித்திரம் எழுதித் தாங்கோ எண்டு சங்கத்துத் தம்பிமார் ரெலிபோனில் கேட்டபோது, சோழர் கடாரம் வென்ற கதையை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மகள் ஒரு நாள் காருக்குள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அவள் இங்கே யேர்மனியில் பிறந்தவள். தமிழைவிட டொச் நல்லாய் ஓடும். பொன்னியின் செல்வன் படத்தின் முதற்பாகம் 2022இலும் இரண்டாம் பாகம் 2023இலும் வந்தபோது இரண்டுக்கும் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனவள். இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வரும்போது, "அப்பா, உண்மையில ஆர் கரிகாலனைக் கொண்டது?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு 1986ஆம் ஆண்டு ஒரு பனிக்காலம் முழுவதையும் நாங்கள் பதினான்கு பேர் ஓட்டியிருக்கிறோம்!

அப்போது நாங்கள் இருந்தது சவர்லாண்ட் மலைப்பக்கத்தில் ஒரு பழைய விடுதியில். அதை அகதிகள் ஹைம் ஆக்கியிருந்தார்கள். 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரெயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்டவர்கள்தான் எல்லாரும். அந்த நாளில் வந்தவர்களுக்கு மிச்சக் கதையை நான் சொல்லத் தேவையில்லை. வேலை செய்ய அனுமதியில்லை. வெளிநாட்டவர் அலுவலகம் கடிதம் தராமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். கேஸ் எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஹைமுக்கு ஒருவர் சூட்கேசில் 'பொன்னியின் செல்வன்' கொண்டுவந்திருந்தார். கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. கல்கி பத்திரிகையில் வாரவாரம் வந்ததை அவரின் தாயார் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்துக் கட்டி வைத்தது. கல்கி கிருஷ்ணமூர்த்தி இந்தக் கதையை 1950 ஒக்டோபரில் தொடங்கி மூன்றரை வருடம் எழுதினார். மணியம் படம் வரைந்தார். யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்படிக் கட்டிவைத்த கல்கியைக் காணாதவர்கள் எங்கள் வயதில் குறைவு. 1970களில் இந்தியப் பத்திரிகைகள் வருவதற்குத் தடை வந்தபோது, இந்தக் கட்டுகள் வீடு வீடாய் இரவல் போய் ஓரமெல்லாம் எண்ணெய் பிடித்துக் கிடந்தன.

ஆனால் ஹைமுக்கு வந்தது நாலு பாகம்தான். ஐந்தாம் பாகமான 'தியாக சிகரம்' இல்லை! சூட்கேஸ் நிறை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் எடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாராம். ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் சாகிறது அந்த ஐந்தாம் பாகத்தில்தான். நிறை கூடினால் சப்பாத்தை விட்டுவிட்டு வந்திருக்கலாமே எண்டு அவரை நாங்கள் ஏசாத நாளில்லை.

இதனால் என்ன நடந்தது? ஊரில் முன்பு வாசித்தவர்கள் ஞாபகத்தில் சொல்லத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு ஞாபகம்! ஒருவர் சொன்னார், நந்தினிதான் வாளால் வெட்டினவள் என்று. இன்னொருவர், "விசர்க்கதை கதையாதேங்கோ, ரவிதாசன்தான்" என்றார். பெரிய பழுவேட்டரையர் காளாமுகர் வேஷத்தில் வந்தவர், அவர்தான் கத்தியை எறிந்தவர் என்றார் மூன்றாமவர். வந்தியத்தேவன் யாழ்க் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருந்தவனல்லவா, அவனைச் சந்தேகப்படவும் ஒருவர் இருந்தார். (அவர் வல்வெட்டித்துறைக்காரர். பூங்குழலியை விட்டுவிட்டுக் குந்தவையைப் பார்த்தவன் என்ற கோபம் அவருக்கு. படகு விட்ட பெட்டையை மறந்தவன் எதையும் செய்வான் என்பதுதான் அவருடைய வாதம்.) நந்தினி வீரபாண்டியனுக்குக் காதலியா மகளா என்று மட்டும் இரண்டு கிழமை கதைத்தோம். சோறு பொங்குகிற இடத்திலும் அதே கதை. பக்கத்து அறையில் இருந்த கானா நாட்டுக்காரர் ஒருவர், உங்கள் ஊரில் அண்மையில் கொல்லப்பட்ட மந்திரி யார் என்று எங்களைக் கேட்டார்!

எங்களோடு ஒரு மாஸ்ரர் இருந்தார். பேராதனையில் சரித்திரம் படித்து வடமராட்சியில் படிப்பித்தவர். ஆரம்பத்தில் பேசாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "நீங்கள் கல்கியைக் கேட்கிறியள். கல்லைக் கேட்கவில்லையே" என்றார். அன்றைக்கு இரவு தொடங்கியது எங்களுக்கு உண்மையான சரித்திர வகுப்பு.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடி என்று ஓர் ஊர். அங்கே அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. ராஜராஜ சோழனின் இரண்டாவது ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய 987இல் வெட்டியது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஓலை அதில் இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரை அது பெயர் சொல்லிக் காட்டுகிறது. சோமன், அவன் தம்பி ரவிதாசன், அவன் தம்பி பரமேசுவரன். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்று பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன். பிரமாதிராசன் என்பது பெரிய பிராமண அதிகாரிகளுக்கு அரசன் கொடுக்கிற பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஒரே வீட்டில் ஒரு தம்பிக்குப் பாண்டியனின் பெயரில் பட்டம், மற்றத் தம்பிக்குச் சோழனின் பெயரில் பட்டம்! கல்கி தன்னுடைய மந்திரவாதி ரவிதாசனையும் சோமன் சாம்பவனையும் எங்கேயிருந்து எடுத்தார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொரு விஷயம், இது நான் பிறகு வரைபடத்தைப் பார்த்து நானே கண்டது. கதை எங்கே தொடங்குகிறது? ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையால் வருகிறான். உடையார்குடி இருப்பது அந்த ஏரிப் பக்கத்திலேதான். கொலைகாரரின் பெயர் வெட்டிய சுவருக்குக் கிட்டவாகத் தன் கதையைத் தொடங்கிவிட்டு, கல்கி ஐந்து பாகத்துக்கு எங்களை அலைக்கழித்திருக்கிறார்.

அப்படியென்றால் வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. கரிகாலன் இறந்தது ஏறக்குறைய 969இல். தண்டனை எழுதிய கல் 987இல். இடையில் பதினெட்டு வருடம். அதில் பெரும்பகுதி ஆண்டவன் உத்தம சோழன், கரிகாலனின் தகப்பன் சுந்தர சோழனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அவன் காலத்தில் ஏன் இது நடக்கவில்லை? நீலகண்ட சாஸ்திரியார் 1935இல் முதற்பாகம் வெளிவந்த தன்னுடைய சோழர் வரலாற்றில், உத்தம சோழனுக்கு இந்தக் கொலையில் பங்கு உண்டு என்றே எழுதினார். திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் சேர்த்துப் பார்த்தார். ஆதித்தன் வானுலகைப் பார்க்கும் ஆசையால் போய்ச் சேர்ந்தான் என்றும், குடிகள் கேட்டும் அருள்மொழி தன் சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரசு வேண்டாம் என்றான் என்றும் அந்தச் செப்பேடு சொல்கிறது. கொலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. (படத்தில் கரிகாலன் தானே சாவைத் தேடிக்கொள்கிறமாதிரிக் காட்டினபோது எனக்கு இந்தச் செப்பேடுதான் ஞாபகம் வந்தது.)

சதாசிவப் பண்டாரத்தார் 1949இல் வந்த 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் இதை மறுத்தார். மாஸ்ரரும் பண்டாரத்தார் கட்சிதான். "உத்தம சோழன் கொலைகாரன் எண்டால், அவன்ர மகன் கண்டராதித்தனைப் பிறகு ராஜராஜன் கோயில் விசாரிக்கிற பெரிய பதவியில வைச்சிருப்பானோ?" என்று கேட்பார். ஹைம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சாஸ்திரி கட்சிக்குத்தான் ஆட்கள் கூட. வல்வெட்டித்துறைக்காரர் மட்டும் வந்தியத்தேவனை விடவில்லை.

1987 கோடையில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த அந்தத் தங்கச்சி ஐந்தாம் பாகத்தைத் தபாலில் அனுப்பிவைத்தார். பார்சலைப் பிரித்த அன்று சமைக்கவில்லை. ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கட்டிலில் இருந்து கேட்டோம். கடம்பூர் மாளிகை, விளக்கு அணைகிறது, இருட்டு, கரிகாலன் விழுந்து கிடக்கிறான்... யார் கை என்று கல்கி சொல்லவேயில்லை! நான்தான் கொன்றேன் என்று மணிமேகலை சொல்கிறாள். நான்தான் என்று பழுவேட்டரையரும் சொல்கிறார். இரண்டு வருடம் காத்திருந்தது இதுக்கோ எண்டு ஒருவர் புத்தகத்தைப் பறித்துக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். கடைசியில் முடிவுரை எழுதிய கல்கி, கதை திடீரென்று முடிந்துவிட்டது என்று குறைப்பட்ட வாசகர்களுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நாளிலேயே எங்களைப் போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு ஆறுதல்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சாஸ்திரி, பண்டாரத்தார் இரண்டு பேரின் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு எழுதியவர் கல்கி. உத்தம சோழனைக் குற்றவாளி ஆக்குவதா இல்லையா என்பது அவருக்கும் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கும். அதற்கு அவர் கண்ட வழி என்ன? மதுராந்தகனை இரண்டாக்கிவிட்டார். சதிகாரரோடு சேர்கிற மதுராந்தகன் உண்மையான பிள்ளை இல்லை. உண்மையான உத்தம சோழன் பூமாலை கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன். சாஸ்திரியாருக்கு ஒரு மதுராந்தகன், பண்டாரத்தாருக்கு ஒரு மதுராந்தகன்! இது என்னுடைய ஊகம்தான். மாஸ்ரரிடம் சொன்னபோது அவர் தலையாட்டிவிட்டுச் சிரித்தார்.

இனி நான் சொல்லப்போவது மகளுக்குக் காருக்குள் சொல்லாதது.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. நல்லாய்ச் சமைப்பார், கதைக்கமாட்டார். அவருடைய தமையனை ஊரில் மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் தொங்கிய மட்டையில் 'துரோகி' என்று எழுதியிருந்தது. யார் செய்தது, என்ன குற்றம் என்று அவருக்கும் தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. 1980களில் அப்படி எத்தனை மட்டைகள்! மாஸ்ரர் கல்வெட்டை முதல்நாள் விளங்கப்படுத்தியபோது, துரோகிகள் என்ற சொல் வந்த இடத்தில் இவர் எழும்பிப் போய்விட்டார். நாங்கள் கவனிக்கவில்லை.

ஐந்தாம் பாகம் வந்து சில நாளைக்குப் பிறகு, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபடி மாஸ்ரரைக் கேட்டார்.

"மாஸ்ரர், அந்தக் கல்லில ஆக்களுக்கு என்ன தண்டனை எண்டு கிடக்கு?"

"தலை வாங்கினதாய் ஒண்டும் இல்லை. காணி பூமியெல்லாம் பறிமுதல். அதை வித்திருக்கினம். ஒருத்தர் வாங்கிக் கோயில் தருமத்துக்குக் குடுத்திருக்கிறார்."

"அவையளின்ர காணி மட்டுமோ?"

மாஸ்ரர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். கல் ஒரு நீண்ட பட்டியல் கொடுக்கிறது. தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், தகப்பனின் தமையன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், சகோதரிகளைக் கலியாணம் செய்தவர்கள், மகள்களைக் கலியாணம் செய்தவர்கள். இவ்வளவு பேரின் உடைமையும் போகவேண்டும்.

"தாய்?"

"ஒரு தாயின்ர பேரும் கிடக்கு. மலையனூர் ரேவதாசக் கிரமவித்தன் எண்டு ஒருத்தன், அவன்ர மகன், அவன்ர தாய். இந்த மூண்டு பேரின்ர காணியைத்தான் வித்தது. தாயின்ர பேர் பெரிய நங்கைச் சாணி."

அவர் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு நின்றார். பிறகு, அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். மாஸ்ரர் சோசியல் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அவருடைய அம்மாவை ஊரில் ஒருவரும் தண்ணி அள்ள விடவில்லை என்பது எங்களுக்கு வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

அந்தத் தாய் என்ன செய்தாள்? மகன் செய்தது தெரியுமா அவளுக்கு? சாஸ்திரியாரும் பண்டாரத்தாரும் உத்தம சோழனைப் பற்றி வாதாடினார்கள். கல்கி எத்தனையோ பெண்களைப் படைத்தார். நந்தினி என்று கல்லில் இல்லாத ஒருத்தியை இன்றுவரை உலகத் தமிழரெல்லாம் கதைக்கிறார்கள். கல்லில் பெயரோடு இருக்கிற பெரிய நங்கைச் சாணியைப் பற்றி அந்த நாவலில் ஒரு வரி இல்லை. நாங்களும்தான் ஒரு பனிக்காலம் முழுவதும் ஆர் கொன்றது, ஆர் கொன்றது என்று கேட்டோமே தவிர, அதற்குப் பிறகு ஆர் வீட்டை விட்டுப் போனது என்று கேட்கவில்லை.

1989இல் எங்களைப் பிரித்துவிட்டார்கள். சிலருக்கு விசா கிடைத்தது, சிலர் டுல்டுங்கோடு வருடக்கணக்காய் இருந்தார்கள், மூன்று பேர் கனடாவுக்குப் போனார்கள். மாஸ்ரர் 2004இல் காலமானார். புத்தகக் கட்டில் முதல் நாலு பாகமும் இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்றாம் பாகத்துக்கு மட்டை இல்லை. அலுமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் பாகத்தை 1991இல் ஒருவர் பிறேமனுக்கு இரவலாகக் கொண்டுபோனார். அவர் இந்த மலரை வாசித்தால், தயவுசெய்து சங்கத்து முகவரிக்கு அனுப்பிவைக்கவும். தபால் செலவு நான் தருவேன். மகள் வாசிக்க ஆசைப்படுகிறாள்.