தகடூரும் மாக்கல் திருமேனிகளும்

தர்மபுரியின் பழம்பெயர் தகடூர். நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893-இல் (சக ஆண்டு 815) பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கன்னடக் கல்வெட்டு, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகச் சகோதரர் அங்குப் பசதி எழுப்பியதைக் கூறுகிறது. மன்னனிடம் பெற்ற மூலப்பள்ளி என்னும் ஊரை நிதியண்ணன் கனகசேன சித்தாந்த பட்டாரருக்கு அளித்தான்.

தகடூரைச் சூழ்ந்தவை கருங்கற்குன்றுகள். அதன் மேற்கே ஆண்ட ஒய்சளரின் சிற்பியருக்கோ மாக்கல் வாய்த்தது. நம் பாட்டியர் குழம்பு வைத்த கல்சட்டிக்கு உறவான கல்தான் அது. வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு இணங்கும், காற்றுப்படப்பட இறுகும்.

இவ்விரு நாடுகளும் 1116-இல் தலைக்காட்டுப் போரில் மோதின. சோழர் சார்பில் நின்ற அதியமானை வென்ற ஒய்சளத் தளபதி கங்கராஜன் சமணன். அவன் நினைவாக மகன் போப்பண்ணன் 1133-இல் ஹளேபீடில் பார்சுவநாத பசதியை எழுப்பினான். அதன் மாக்கல் தூண்கள் கடைசல் பிடித்து, முகம் தெரியுமளவு மெருகிடப்பட்டவை. தூணைச் சுழற்றிக் கடையலாம். திருமேனிக்குக் கையும் உளியுமே துணை. அண்மையிலுள்ள ஒய்சளேசுவரர் கோயிற் சிற்பங்களில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே தெரியும் அணிகலன்களைக் காண்கிறோம். பார்சுவநாதரோ அணியேதுமின்றி, நாகப்படத்தின் கீழ் நின்ற கோலத்தில் இருக்கிறார். இதுவே கடினமான பணி என்பேன். நகையால் மறைக்க வழியில்லாத மேனியில், பிசகிய ஓர் உளித்தடமும் கண்ணில் படும்.

எளிதிற் செதுக்கப்படும் கல் எளிதிற் தேயவும் செய்யும். புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்தால் சில தலைமுறைகளில் கண்ணிமையும் இதழ்க்கோடும் மறையும். மாக்கல் திருமேனிக்குத் தூய நீரும் மெல்லிய துணியும் போதும். தேய்ந்த பிம்பத்தை அகற்றிவிட்டு வெண்பளிங்கில் புதிதாக நிறுவலாம் என்ற பேச்சு நம் ஊர்களில் அவ்வப்போது எழுகிறது. அதற்கு முன், போளூரை அடுத்த திருமலைக் கல்வெட்டை ஒருமுறை படிப்பது நலம்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவனான தகடூர் அதிகமான் விடுகாதழகிய பெருமாள், அம்மலையில் சிதைவுற்றிருந்த இயக்கன், இயக்கி திருவுருவங்களைச் சீர்செய்து மீண்டும் எழுந்தருளச் செய்தான். அவற்றை முன்னர்ச் செய்வித்தவன் சேரர்குடி எழினி. புதுப்பித்தவன் தன் பெயரோடு எழினியின் பெயரையும் அக்கல்லில் பொறித்து வைத்தான்.