அறுபதில் வந்து சேரும் கற்கள்

டேட் மொடேர்னில் அந்தக் கற்களுக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மற்றப் பாதிப் பேர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அப்பா எண்ணினார். முப்பது வருடம் இலங்கையில் ஓவசியராக இருந்தவர். கல்லைக் கண்டால் எண்ணாமல் போகமாட்டார்.

"மேல அறுபது. கீழயும் அறுபது எண்டா நூற்றி இருபது. சீமெந்தும் பூசேல்லை, சும்மா அடுக்கிக் கிடக்கு. உதுக்கு எவ்வளவு குடுத்தவங்களாம், தம்பி?"

2,297 பவுண் என்றேன். 1972இல் கொடுத்தது. அப்பா மனதுக்குள் ஏதோ பெருக்கிப் பார்த்தார். அவருடைய வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அது அவருடைய பழைய பழக்கம். இளமையில் கோயில் பஜனைக்கு மிருதங்கம் வாசித்தவர். கை எப்போதும் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் ஹரோவிலிருந்து மெற்றோபொலிட்டன் லைனில் ஏறி, ஃபிஞ்ச்லி ரோட்டில் ஜூபிலி லைனுக்கு மாறி அங்கே போனதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. வேலை நாட்களில் நான் வங்கிகளின் பழைய மென்பொருட்களைப் பெயர்த்துப் புதிய இடத்தில் வைப்பவன். இரவுகளில், மகள் மிருதங்க வகுப்பை விட்டுவிட்ட கோபத்தில், கைபேசிக்காக ஒரு தாள விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் 'தட்டிப் பார்'. அதில் ஒரு மாமா வருவார். குளிருக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, கழிப்பறை இலவசம் என்பதற்காக நவீன ஓவியக் கூடத்துக்குள் நுழைவார். ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் அவர் ரசிக்கத் தெரிந்தவர்போல நடிக்க வேண்டும். தாளத்துக்குத் தலையைச் சாய்க்க வேண்டும், தாடையைத் தடவ வேண்டும், இரண்டடி பின்னால் போக வேண்டும், சரியான அட்சரத்தில் "ம்ம்ம்" சொல்ல வேண்டும். பிசகினால் காவலாளி இருமுவார். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான்.

அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு ஓவியங்களைக் கடந்ததும் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, காதால் கேட்டுக்கொண்டே தட்டினார். முழுப் புள்ளியும் கிடைத்தது. "தம்பி, உது படத்தைப் பாக்காமலே வெல்லலாம்" என்றார்.

அதன் பிறகுதான் நவீன ஓவியத்தைப் பார்த்து மனிதர்கள் சிரித்த வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். லண்டனில் அது நீண்ட வரலாறு. 1910 நவம்பரில் ரொஜர் ஃபிரை, கிராஃப்டன் காலரியில் செஸான், வான் கோ, கோகான் ஆகியோரின் ஓவியங்களைக் கொண்டுவந்து மாட்டினார். அந்தக் கண்காட்சிக்குச் செயலாளராக இருந்த டெஸ்மண்ட் மக்கார்த்தி பின்னர் நினைவுகூர்ந்த ஒரு சம்பவம் உண்டு. செஸான் தன் மனைவியை வரைந்த ஓவியத்தின் முன்னால் ஒரு கனவானுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லையாம். அவரை வெளியே கூட்டிப்போய், காற்றாட ஐந்து நிமிடம் நடக்கவிட வேண்டியிருந்ததாம். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் நடிக்கவில்லை. என் மாமாவைவிட நேர்மையானவர்.

1936இல் ஓவியர்களே சிரிப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். நியூ பர்லிங்டன் காலரியில் நடந்த சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சியில் சல்வடோர் டாலி ஆழ்கடல் சுழியோடியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு உரையாற்ற வந்தார். தலைக்கவசத்துக்குள் மூச்சு முட்டியது. அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துச் சபை ரசித்துக்கொண்டிருக்க, கடைசி நேரத்தில் கவசத்தைக் கழற்றிக் காப்பாற்றினார்கள். அதே கண்காட்சியில் கவிஞர் டிலன் தோமஸ் அவித்த நூலைக் கோப்பைகளில் ஊற்றி, கடுப்பமா இளசா என்று தேநீர்போல விசாரித்துக் கொடுத்துத் திரிந்தார்.

ஆனால் பெரிய சிரிப்பு இந்தக் கற்களுக்குத்தான். அமெரிக்கச் சிற்பி கார்ல் அந்திரேயின் 'ஈக்குவலன்ட் எட்டு'. ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கும் நீளம். டேட் அதை வாங்கிக் காட்சிக்கும் வைத்திருந்தது; யாரும் பொருட்படுத்தவில்லை. 1976 பெப்ரவரியில் சண்டே டைம்ஸ் அதைப் பற்றி எழுதிய பிறகு நாடே கொதித்தது. டெய்லி மிரர் முதல் பக்கத்தில் குப்பை என்றது. கேலிச்சித்திரக்காரர்களுக்குப் பல வாரத்துக்கான தீனி கிடைத்தது. ஒருவர் வந்து கற்களின்மேல் நீலச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார், கழுவி எடுத்தார்கள். விலைவாசி ஏறி, பவுண் சரிந்து, அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்திய வருடம் அது. அதனால் அந்தக் கோபத்தை முழுக்க மடத்தனம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

சிரித்தவர்களில் அநேகருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. அது தெரிந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் குவியல் தனியன் அல்ல. 1966இல் நியூயோர்க்கின் டிபோர் டி நாகி காலரியில் அந்திரே வைத்தது எட்டுக் குவியல்கள். ஒவ்வொன்றிலும் 120 கல், இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 60. அறுபதை அவர் 3க்கு 20, 4க்கு 15, 5க்கு 12, 6க்கு 10 என்று நான்கு விதமாகப் பிரித்தார். கல்லின் நீளப்பக்கம் ஒன்று, குறுகிய பக்கம் ஒன்று என்று இரண்டு திசையிலும் அடுக்க, நான்கு எட்டாயிற்று. உருவம் எட்டு; எண்ணிக்கை ஒன்று. 'சமானம்' என்ற தலைப்பின் பொருள் அதுதான். அந்தக் கண்காட்சியில் ஒன்றும் விற்பனையாகவில்லை. அந்திரே கற்களைச் சூளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிற்பாடு திரும்பச் செய்யவேண்டி வந்தபோது அந்தச் சூளை மூடப்பட்டிருந்ததால் வேறு வகைக் கல் வாங்கினார். இதைச் சொன்னபோது அப்பா முதன்முறையாகச் சிரித்தார். கல்லைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கத் தெரிந்தவன் நல்ல கொந்தராத்துக்காரன் என்பது அவருடைய கருத்து.

தாளம் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரே வேகத்தில் 60 அட்சரம் ஓடட்டும். 'தகிட' என்று மூன்று மூன்றாகச் சொன்னால் 20 தரம். 'தகதிமி' 15 தரம். 'தகதகிட' 12. 'தகதிமிதக' 10. நான்கு பேர் ஒன்றாகத் தொடங்கி ஆளுக்கொரு பிரிவைச் சொன்னால், நடுவில் இருவர் சந்திப்பார்கள், சில இடங்களில் மூவர் சந்திப்பார்கள். நால்வரும் ஒன்றாக வந்து சேர்வது அறுபதில்தான், அதற்கு முன்னால் ஒருபோதும் இல்லை. கோர்வை வைக்கும் மிருதங்க வித்துவான் கையால் செய்வதை அந்த மனிதர் கல்லால் செய்து தரையில் வைத்திருக்கிறார். அவருக்கு நம்முடைய தாளம் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் 1960 முதல் 1964 வரை பென்சில்வேனியா ரயில்வேயில் சரக்கு வண்டிகளில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். ஒரே மாதிரியான பெட்டிகளைக் கழற்றி வேறு வரிசையில் கோர்ப்பதை நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது எட்டாத விடயமல்ல.

விளையாட்டில் தாளத்தை நகைச்சுவையோடு சேர்த்த முன்னோடியும் ஒரு குரு–சிஷ்யக் கதைதான். 1996 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்காக வெளிவந்த 'பராப்பா த ராப்பர்'. மசாயா மட்சுவுரா என்ற இசைக்கலைஞர் உருவாக்கியது. உருவங்களை வரைந்தவர் ரொட்னி கிரீன்பிளாட் என்ற நியூயோர்க் ஓவியர். கடதாசிபோலத் தட்டையான நாய்க்குட்டிக்கு வெங்காயத் தலையோடு ஒரு கராத்தே குரு. குரு ஒரு வரி சொல்வார், சிஷ்யன் அதே தாளத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். மிக நன்றாகச் செய்தால் குரு மேடையை விட்டுப் போய்விடுவார். பிறகு உங்கள் இஷ்டம். மிருதங்க வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் இது பழகிய சங்கதி, கடைசியில் வருவது தனியாவர்த்தனம் என்பது உட்பட.

மட்சுவுராவின் இன்னொரு விளையாட்டு 1999இல் வந்த 'விப்-ரிபன்'. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு, அதன்மேல் நடக்கும் முயல். நீங்கள் எந்த இசைத்தட்டைப் போட்டாலும் அந்த இசையிலிருந்தே கோட்டின் மேடுபள்ளம் உருவாகும். 2012இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரத்துக்கு முதலில் எடுத்த 14 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. உடனே லண்டன் பத்திரிகை ஒன்றின் கலை விமர்சகர், இவை கலையே அல்ல என்று எழுதினார். 1910இல் செஸானைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

இவை எல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கொழும்பில் 1943இல் தொடங்கிய 43 குழுவின் மையத்தில் இருந்த லயனல் வென்ட் ஒரு பியானோக் கலைஞர்; புகைப்படக்காரர். குழுவில் ஒப்ரி கொலெட் என்ற கேலிச்சித்திரக்காரரும் இருந்தார். 1952இல் அவர்களுடைய ஓவியங்கள் தென் கென்சிங்டனுக்கே வந்தன. யாழ்ப்பாணத்தில் மாற்கு மாஸ்டர் நவீன பாணியில் வரைந்தும் கற்பித்தும் வந்தார். எங்கள் வீட்டில் இவர்களில் ஒருவர் பெயரையும் நான் கேட்டதில்லை. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்கத் தெரிந்த நாங்கள், இலவசமாகத் திறந்து கிடக்கும் கூடத்துக்குப் போக இருபது வருடம் எடுத்தோம்.

அந்திரே கல் அடுக்கிய அதே 1966இல்தான் சென்னைக்கு வெளியே கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். 1963இலிருந்து அவர் வரைந்துவந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்தால் சாதகக் குறிப்புப்போல இருக்கும். கட்டங்கள், எண்கள், எழுத்துமாதிரியான வரிகள். வாசிக்கப் போனால் ஒன்றும் வாசிக்க வராது. புதிய 'தட்டிப் பார்'இல் இதற்கொரு கட்டம் வைத்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாதகத்தை வாசிக்க முயன்றால் தாளம் அறுந்துவிடும். வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கோடுகளின் ஓட்டத்தோடு விரலை நகர்த்தினால் திரும்ப வரும்.

கற்களின் கட்டத்தில் கல்லைப் பார்க்காமல் வெல்ல முடியாது. எந்தக் குவியல் என்று எண்ணிக் கண்டுபிடித்துத்தான் சொற்கட்டைத் தெரிவுசெய்ய வேண்டும். ஏழு ஏழாகப் போகிறவருக்கு எட்டுத் தரத்துக்குப் பிறகு நாலு கல் மிஞ்சும். மாமா அந்த நாலு கல்லையும் கையில் வைத்துக்கொண்டு நிற்க, காவலாளி மெதுவாக அருகில் வருவார்.

முதல் வரைவில் அந்திரேயையே ஒரு பாத்திரமாக வைத்திருந்தேன், கல் சுமந்து வியர்க்கும் கோமாளியாக. மகள் அவருடைய பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, அனா மெண்டியெட்டா ஆர் எண்டு தெரியுமே?" என்று கேட்டாள். கியூபாவில் பிறந்த கலைஞர், அந்திரேயின் மனைவி. 1985 செப்டெம்பரில் அவர்களுடைய 34ஆம் மாடி வீட்டிலிருந்து விழுந்து இறந்தார். அந்திரே மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 1988இல் விடுவிக்கப்பட்டார். கணவனைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க, மனைவியின் பெயரே வராத ஒரு விளையாட்டு. அன்றிரவே ஆளை எடுத்துவிட்டேன். கல்லை எடுக்க மனம் வரவில்லை. அது சரியா என்று இன்றும் மகளோடு தர்க்கம் நடக்கிறது. அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நான்கு வரிசையாக இருத்தி, கைபேசி இல்லாமலே அறுபதைச் சொல்லவைத்தோம். முதல் தரம் இருபதிலேயே சிரிப்பில் குலைந்தது. இரண்டாம் தரம் ஐந்துக்காரர்கள் நாலுக்காரர்களோடு சேர்ந்துவிட்டார்கள். நாலாம் தரம் எல்லோரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். அந்த ஒற்றைச் சத்தத்துக்குப் பிறகு சில நொடி ஒருவரும் பேசவில்லை. தகிட வரிசையைக் கைதட்டி நடத்தியது மகள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் எழுந்து போய் நின்றாள்.

அப்பாவுக்கு மட்டும் புள்ளி ஏறவில்லை. ஒவ்வொரு தட்டும் பிழை என்றது திரை. ஒரு கிழமை என் நிரலைக் குறை சொல்லித் தேடியபிறகு, பதிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு முறையும் பிந்தினார்; ஆனால் ஒரே அளவுதான் பிந்தினார். புதிதாகப் போட்ட காதுக் கருவி ப்ளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைந்திருந்தது. ஒலி அவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. தாளம் ஓர் இழையும் அசையவில்லை. திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அமைப்புப் பக்கத்தில் அவருடைய பெயருக்கு எதிரே 180 மில்லி செக்கன் என்று பதிந்துவிட்டு, கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். கல்லை எண்ணத் தொடங்கினார்.