வடக்கை வலம், தெற்கை இடம்: துருவங்களை வரைந்த கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க டிவி தேவையில்லை. வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவா இருந்தா ஷெட்டை விட்டு வெளியே வந்து நின்னாலே போதும். 2025 ஜூலை 30, மாலை 5.40 மணிக்கு அங்கிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்16 கிளம்பியது. அது தூக்கிக்கொண்டு போனது நைசார் என்ற செயற்கைக்கோளை. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டிய ரேடார் செயற்கைக்கோள்.

இந்த நைசாருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. தான் போகும் திசைக்கு இடது பக்கம் மட்டும்தான் பார்க்கும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. ஏன் இப்படி? இதுக்குப் பதில் தேடிப் போனா, 430 வருஷக் கதை ஒண்ணு கிடைக்குது. அதுல நம்ம பழவேற்காடும் வருது. அதுதான் இன்றைய எபிசோட்.

பார்க்காமலே வரைந்த வடதுருவம்

1595. மெர்கேட்டரின் அட்லஸ் வெளியானது. அவர் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியில் இறந்துவிட்டார். அந்த அட்லஸில் வடதுருவத்துக்கு என்றே தனியாக ஒரு வரைபடம் இருந்தது. நட்ட நடுவில் ஒரு கறுப்புப் பாறை. அதைச் சுற்றி நான்கு பெரிய தீவுகள். தீவுகளுக்கு இடையே கடல், ஆறு மாதிரி உள்ளே பாய்கிறது. பார்க்க அருமையா இருக்கும். ஒரே சிக்கல், அதில் இருக்கும் பாறையும் தீவுகளும் உலகத்தில் எங்கேயும் கிடையாது. துருவத்துக்கு யாரும் போனதே இல்லை. பழைய பயணக் கதைகளை நம்பி வரைந்த படம் அது.

அதே வருடங்களில் டச்சுக்காரர்களுக்கு ஆசியாவின் மிளகு வேண்டும், துணி வேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் தெற்கு வழியில் போர்ச்சுகீசியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சரி, வடக்கே ரஷ்யாவுக்கு மேலே கடல் வழியாகவே ஆசியாவுக்கு வந்துவிடலாமே என்று ஒரு யோசனை. வில்லெம் பாரெண்ட்ஸ் என்ற மாலுமி 1594, 1595, 1596 என்று மூன்று தடவை கிளம்பினார். மூன்றாவது பயணத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைப் பார்த்தார்கள். அதன் பிறகு நோவாயா செம்லியா கரையில் கப்பல் பனியில் சிக்கிக்கொண்டது. கரையில் மரக் குடிசை கட்டி ஒரு முழுக் குளிர்காலத்தை ஓட்டினார்கள். 1597 ஜூனில் பாரெண்ட்ஸ் இறந்துபோனார்.

வடக்கு வழி அத்தோடு அவுட். ஆனால் அதே காலத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன இன்னொரு டச்சுக் குழு ஜாவாவைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. பிறகு அந்தத் தெற்கு வழியாகத்தான் சோழமண்டலக் கரைக்கும் வந்தார்கள். 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. இன்றைக்கும் பழவேற்காடு போனால் டச்சுக் கல்லறைகளைப் பார்க்கலாம். துருவம் வழி விட்டிருந்தால் அந்தக் கப்பல்கள் வேறு பாதையில் வந்திருக்கும். இன்னொரு விஷயம்: பாரெண்ட்ஸ் பார்த்த அதே ஸ்பிட்ஸ்பெர்கனில்தான் 2008 முதல் இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி இயங்குகிறது.

எழுபதாயிரம் போட்டோ, பின் குத்த இடமில்லை

தென்துருவத்துக்கு வருவோம். அண்டார்டிகாவை மனிதர்கள் கண்ணால் பார்த்ததே 1820இல்தான். அதன் பிறகும் நூறு வருடத்துக்கு மேல், பெரும்பாலும் கப்பலில் போனவர்கள் பார்த்த கரைதான் துண்டு துண்டாக வரைபடத்தில் ஏறியது. உள்ளே பெரும்பகுதி வெள்ளைத் தாள்.

1946-47இல் அமெரிக்கக் கடற்படை ‘ஆபரேஷன் ஹைஜம்ப்’ என்று ஒரு பெரும்படையோடு இறங்கியது. விமானங்களிலிருந்து சுமார் 70,000 படங்கள் எடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலான படங்களை வரைபடமாக்க முடியவில்லை. காரணம் சிம்பிள். ஒரு வான்படத்தை வரைபடமாக்கணும்னா, அதில் தெரியும் சில புள்ளிகளாவது தரையில் சரியா எங்கே இருக்குன்னு தெரியணும். எல்லாமே வெள்ளையா இருக்கிற இடத்துல எந்தப் பாறை எந்தப் பாறை? ஐடி இல்லாத எழுபதாயிரம் ரெக்கார்டு மாதிரி. டேட்டா இருக்கு, ஆனா எதோட சேர்க்கிறது? அடுத்த சீசனில் ஹெலிகாப்டர்களோடு இன்னொரு குழு போய், தரையில் புள்ளிகளை அளந்துவிட்டு வந்தது.

நம்ம ஆட்களும் ஒரு பாடம் கற்றார்கள். 1981 டிசம்பர் 6இல் கோவாவிலிருந்து முதல் இந்திய அண்டார்டிகா பயணக் குழு கிளம்பியது. 1983-84இல் ‘தக்ஷிண கங்கோத்ரி’ நிலையம் கட்டப்பட்டது. கட்டிய இடம் பனித்தட்டு, அதாவது கடல்மேல் மிதக்கும் பனி. சில வருடங்களிலேயே அதைப் பனி மூடிவிட, நிலையத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த மைத்ரியைப் பாறைமேல் கட்டினார்கள். அண்டார்டிகாவில் நிலம் என்று நாம் நினைக்கும் பெரும்பகுதி நகரும் பொருள். அதனால் அங்கே வரைபடம் என்பது வரைந்த நாளிலிருந்தே பழசாக ஆரம்பித்துவிடும்.

வலம் வருவதும் இடம் வருவதும்

அப்போ விண்வெளியிலிருந்து எடுத்துடலாமே? அதிலும் இரண்டு தொல்லை. முதலாவது, துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு. வெளிச்சம் வந்தாலும் மேகம். சாதாரண கேமரா உதவாது. இதற்கு விடை ரேடார். தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். அதுக்கு இருட்டும் ஒண்ணுதான், மேகமும் ஒண்ணுதான்.

இரண்டாவது தொல்லைதான் நம்ம கதையின் மையம். ‘துருவச் சுற்றுப்பாதை’ என்று சொன்னாலும், பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவத்துக்கு நேர் மேலே போவதில்லை. கொஞ்சம் சாய்ந்த பாதையில், சுமார் 82 டிகிரி அட்சரேகை வரை போய்த் திரும்பிவிடும். ரேடாரோ நேர் கீழே பார்க்காது, பக்கவாட்டில்தான் பார்க்கும். அப்போ எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

கோயிலில் பிரகாரம் சுற்றுவதை நினைத்துப் பாருங்க. வலம் வரும்போது கருவறை உங்க வலது கைப் பக்கம் இருக்கும். இந்தச் செயற்கைக்கோள்கள் வடதுருவத்தை வலம் வருகின்றன. அதே பாதையில் கீழே போகும்போது, தென்துருவத்தை இடமாகச் சுற்றுகின்றன. துருவம் இடது கைப் பக்கம். ஆக, வலது பார்த்தால் ஆர்க்டிக் கிடைக்கும். இடது பார்த்தால் அண்டார்டிகா கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டும் முழுசாகக் கிடைக்காது.

1995இல் விண்ணில் ஏறிய கனடாவின் ராடார்சாட்-1 வலது பார்ப்பது. ஆர்க்டிக் கடல்பனி அவங்களுக்கு வீட்டு வாசல், அதனால் அது நியாயம்தான். ஏவித் தந்தது நாசா. 1997 செப்டம்பரில் அந்த மொத்தச் செயற்கைக்கோளையும் 180 டிகிரி திருப்பி, இடது பார்க்க வைத்தார்கள். 18 நாட்கள். அண்டார்டிகா முழுவதற்குமான முதல் ரேடார் படத்துக்குத் தேவையான டேட்டா கையில் இருந்தது. வேலை முடிந்ததும் பழையபடி திருப்பிவிட்டார்கள்.

28 வருடம் கழித்து வந்த நைசார், அந்த இடது பக்கத்தையே நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. தெற்கே 87.5 டிகிரி வரை அதற்குத் தெரியும். விலையாக, ஆர்க்டிக்கின் வட உச்சி தெரியாது. ஐரோப்பாவின் சென்டினல்-1 வலது பார்க்கிறது. வடக்கை அது கவனித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

கரைக்கோடு போய், வேகம் வந்தது

2007இல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தைத்து, அண்டார்டிகாவின் வண்ண வரைபடம் ஒன்றை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அழகான படம். ஆனால் அதைவிட முக்கியமானது 2011இல் வந்தது. எரிக் ரிக்னோ குழுவினர், பல நாடுகளின் ரேடார் டேட்டாவைச் சேர்த்து, கண்டம் முழுவதும் பனி எந்தத் திசையில், என்ன வேகத்தில் நகர்கிறது என்ற வரைபடத்தை வெளியிட்டார்கள். கரையோரம் மட்டுமில்லாமல், கண்டத்தின் ஆழத்திலிருந்தே பனி ஆறுகளாகக் கடலை நோக்கி நகர்வது அதில் தெரிந்தது.

டெக்னிக் என்னன்னா, ஒரே இடத்தை இரண்டு நாட்களில் ரேடாரால் பார்த்து, திரும்பி வந்த அலைகளை ஒப்பிடுவது. நம்ம பாஷையில சொன்னா, இரண்டு வெர்ஷனுக்கு டிஃப் எடுப்பது. தரை சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்திருந்தாலும் மாட்டிக்கும். நைசார் 12 நாளைக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வருகிறது. ஒரு தடவை ரிலீஸ் பண்ணி முடிக்கிற வரைபடம் போய், தொடர்ந்து கமிட் ஆகிக்கொண்டே இருக்கும் வரைபடம் வந்துவிட்டது.

இதுல பழவேற்காட்டுக்கு என்ன?

மேற்கு அண்டார்டிகாவில் த்வைட்ஸ் என்றொரு பனியாறு. பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. அது மொத்தமும் கடலுக்குள் போனால், உலகக் கடல்மட்டம் சராசரியாக 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். ஒரே நாளில் இல்லை, ஆனால் எவ்வளவு காலத்தில் என்பதுதான் விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. அதற்கு விடை, அந்தப் பனி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதில் இருக்கிறது.

“அது எங்கேயோ பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, நமக்கென்ன?” என்று தோணலாம். இங்கேதான் ஒரு ட்விஸ்ட். அவ்வளவு பெரிய பனி மலைக்கு ஈர்ப்பு உண்டு; சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் பிடி தளர்கிறது. பக்கத்தில் கடல்மட்டம் இறங்கும், தூரத்தில் ஏறும். நம்மைப் போல வெப்பமண்டலக் கடலோரங்களுக்கு சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்து சேரும். தூரம் நம்மைக் காப்பாற்றாது. தூரமா இருக்கிறதுதான் பிரச்சினையே.

அந்தத் தண்ணீர் வந்து சேரும் கரை எப்படிப்பட்டது? எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரை தட்டையான மணல் கரை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவில் மீனவக் கிராமங்கள், துறைமுகங்கள், மின்நிலையங்கள். 1993இலிருந்து உலகக் கடல்மட்டம் ஏற்கனவே சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.

ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீங்க என்று சொல்லப்படுவது இந்த மீனவர்களுக்குத்தான். ஏவுதளம் வந்தபோது ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடி மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். ஆக, துருவத்தை அளப்பதற்கு ஒரு விலையை இந்தக் கரை ஏற்கனவே கொடுத்திருக்கிறது. அந்த அளவீடு என்ன சொல்கிறது என்பது முதலில் போய்ச் சேர வேண்டிய இடமும் இதுதான்.

நல்ல செய்தி, நைசார் டேட்டா யாருக்கும் இலவசம். அண்டார்டிகாவைப் பார்க்கும் அதே கண், போகிற போக்கில் இந்தியாவின் தரையையும் அளக்கிறது. பொன்னேரியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவியால் லேப்டாப்பில் அதை இறக்கி, தன் ஊர்த் தரை தாழ்கிறதா, கரை நகர்கிறதா என்று தானே டிஃப் எடுத்துப் பார்க்க முடியும். மெர்கேட்டர் காலத்தில் வரைபடத்தை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போ சரிபார்க்கும் வசதி நம்ம கையில் இருக்கு. கேட்பவர்களில் யாராவது எண்ணூர், பழவேற்காடு பக்கம் இதை முயற்சி செய்தால் எழுதுங்க, அதை வைத்தே ஒரு எபிசோட் பண்ணுவோம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.