மான்ஸ்டர் டிரக்குக்கு எந்த பம்பர்?
ரிமோட் மான்ஸ்டர் டிரக்கில் முதல் அடி முன் பம்பருக்குத்தான். அலுமினிய பம்பர் பார்வைக்கு உறுதியானது. ஆனால், எளிதில் வளையாது. மோதலின் அதிர்ச்சியை சேசிஸுக்கும் சஸ்பென்ஷனுக்கும் கடத்திவிடும். எடையும் கூடும்.

நைலான் பம்பர் வளைந்து, அதிர்ச்சியைத் தாங்கி, பழைய நிலைக்குத் திரும்பும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போது நைலான் எளிதில் உடையாத தன்மை பெறும். 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரம் இன்றும் நிற்கும் கோலா கங்சாரின் ஈர வெப்பம் இதற்கு ஏற்றது.

பழைய தோட்டத்துச் செம்மண் மேட்டில் ஓட்டுவோருக்கு அகலமான பம்பர் நல்லது. ஆனால், சக்கரம் முழுதாகத் திரும்பும்போது டயர் அதில் உரசக்கூடாது. வாங்குமுன் வண்டியின் மாடலையும் திருகுத் துளைகளின் இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும்.

பம்பர் உடைந்தால் பம்பர் செலவு மட்டுமே. சேசிஸ் உடைந்தால், பிள்ளை ஆசையாய்ச் சேர்த்த காசில் வாங்கிய வண்டியே முடங்கிவிடும்.